எனக்குப் போட்ட ஊசி

உடம்பு குறைக்கும் ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா என்று என்னிடம் விசாரிக்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். பல்லடத்தில் அதை முதலில் போட்டுக்கொண்ட நாலைந்து பேரில் நானும் ஒருவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. டீக்கடையில் பிடித்துக்கொள்வார்கள். நானும் சலிக்காமல் சொல்வேன். முதல் மாதம் குமட்டும், மலச்சிக்கல் வரும். இரண்டாம் மாதம் சோற்றைக் கண்டாலே அலுப்பாக இருக்கும். ஐந்தாறு மாதத்தில் பேண்ட் இடுப்பில் நிற்காது. பத்து மாதமோ ஒரு வருஷமோ போனால் எடை ஒரே இடத்தில் நின்றுவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். நிறுத்தினால் பசி திரும்பி வரும், பசியோடு எடையும் வரும். டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள், கேட்காமல் நிறுத்தாதீர்கள். டீ ஆறுவதற்குள் இவ்வளவையும் சொல்லி முடித்துவிடலாம்.

சொல்லாமல் வைத்திருப்பது ஒன்று உண்டு. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நான் கறிக்கோழி கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும், பண்ணைக்காரர் வளர்த்துக் கொடுப்பார். நான் வாரத்துக்கு ஒருமுறை போய் ஷெட்டுக்குள் நாலைந்து இடத்தில் கோழிகளை வளைத்துப் பிடித்து எடை போட்டு, தின்ற தீவனத்துக்கு ஏற்ற எடை வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இருபத்தாறு வருஷமாக இதுதான் வேலை. ஐயாயிரம் கோழிக்கு நடுவில் ஒன்று மட்டும் நோஞ்சானாக ஒதுங்கி நின்றால் ஷெட் வாசலில் நின்றபடியே கையைக் காட்டிவிடுவேன். பண்ணைக்காரர்கள் அதைப் பெரிய வித்தையாகப் பேசுவார்கள். எனக்கும் அதில் கர்வம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய்.

கோழிக்கு எடை பார்த்த மனிதன் தன் எடையைப் பார்க்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் நூற்றுப் பன்னிரண்டு கிலோ இருந்தேன். சர்க்கரை வேறு. வலது முழங்கால் படியேற விடவில்லை. கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மா, என் மகள் வயதுதான் இருக்கும், இந்த ஊசியைச் சொன்னார். வாரம் ஒன்று, வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும், மாதாமாதம் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். எந்த மாதத்தில் என்ன நடக்கும் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். அதை என்னைவிடக் கவனமாகக் கேட்டது பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவிதான். திரும்பி வரும் வழியில் சூலூரில் டீ குடிக்க நிறுத்தியபோதுகூட அந்தத் தாளை மடியில் விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஊசி போட்டதும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து, ஃபிரிட்ஜில் முட்டை வைக்கிற தட்டிலிருந்து அந்தப் பேனா போன்ற ஊசியை எடுத்து, கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு, என் வயிற்று மடிப்பைப் பிடித்துக் குத்துவாள். நான் வேண்டுமென்றே அலறுவேன். கோழிக்குத் தடுப்பூசி போடும்போது அது கூட இத்தனை சத்தம் போடாது என்பாள்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்தபடியே எல்லாம் நடந்தது. முதல் மாதம் குமட்டல். இட்லி வேகும் வாசனைக்கே எழுந்து வெளியே போய்விடுவேன். அதற்கு ஒரு மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கு ஒரு மருந்து. இரண்டாம் மாதம் பசி என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. அது எப்படி இருக்கும் என்றால், எதிரில் சோறு இருக்கும், பிடித்த குழம்பாகவும் இருக்கும், ஆனால் அது வேறு யாருக்கோ பரிமாறியது போல இருக்கும். இரண்டு வாய் போனதும் வயிறு போதும் என்று சொல்லிவிடும். ஆறு இட்லி தின்றவன் ஒன்றரை இட்லியில் எழுந்தேன்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு முன்னால் அவள் சாப்பிட்டதில்லை. பண்ணைக்குப் போய் நாலு மணிக்குத் திரும்பினாலும் நாலு மணி வரை காத்திருப்பாள். எங்கள் பக்கத்துப் பழைய குடும்பங்களில் இது ஒன்றும் அதிசயமில்லை. நான் திட்டியிருக்கிறேன், மகள் சண்டை போட்டிருக்கிறாள். தலையை ஆட்டுவாள், மறுநாளும் காத்திருப்பாள். நான் சாப்பிட்டு எழுந்த பிறகு, அதே தட்டில், நான் சாப்பிட்ட அளவுக்குச் சற்றுக் குறைவாகப் போட்டுச் சாப்பிடுவாள். புருஷனைவிடக் கூடச் சாப்பிடக்கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவளாகவே வைத்துக்கொண்ட கணக்கு அது.

என் அளவு குறைந்தது. அவள் அளவும் குறைந்தது. இரண்டு டம்ளர் அரிசி ஒரு டம்ளராகி, பிறகு முக்காலாயிற்று. ஒருநாள் நான் சாப்பிட்ட தட்டில் அவள் ஒரு கரண்டிச் சோறு மட்டும் போட்டுக்கொள்வதைப் பார்த்துவிட்டு, ஊசி எனக்குத்தானே, நீ ஏன் பட்டினி கிடக்கிறாய் என்று கேட்டேன்.

"உங்கள உட்டுப்போட்டு நான் மட்டும் எப்படிங்க வவுறு நெறையத் திங்கறது?" என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆறாம் மாதம் நான் பதினாறு கிலோ குறைந்திருந்தேன். சட்டைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன். முழங்கால் வலி பாதியாயிற்று. ஆனால் எங்கள் சொந்தக்காரர்களுக்கு ஒரு மனிதன் நல்லபடியாக இளைக்க முடியும் என்று புரியவே புரியாது. இளைத்தால் நோய், இல்லாவிட்டால் கடன். சாத்துக்குடிப் பையோடு வந்து உட்கார்ந்து, ஏனுங்க இப்படி ஆயிட்டீங்க, நல்ல டாக்டராப் பாருங்க என்பார்கள். சர்க்கரை குறைந்திருக்கிறது, நன்றாக இருக்கிறேன் என்று விளக்குவேன். மண்டையை ஆட்டிவிட்டுப் போகும்போது என் மனைவியிடம் வாசலில் நின்று குசுகுசுவென்று விசாரிப்பார்கள். இந்தக் கூட்டத்துக்கு அறிவே வராது என்று அவர்கள் காதில் விழுகிற மாதிரியே சொல்வேன். சாத்துக்குடியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வோம்.

காரமடையில் என் மனைவி வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் இருவரும் இலையில் வைத்ததில் முக்கால்வாசியை விட்டுவிட்டு எழுந்தோம். பெண் வீட்டார் சமையலில் ஏதோ குறை என்று பதறிப்போய் வந்தார்கள். நான் என் வழக்கமான கேலியைச் சொன்னேன்.

"ஊசி எனக்குங்க, வேலை செய்யறது எங்கூட்டு அம்மணிக்கு. ஒரு ஊசிக்கு ரெண்டு பேரு எளைக்கறோம்."

பந்தியே சிரித்தது. அந்தக் கேலியை அந்த வருஷத்தில் முப்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன். என் மனைவியும் ஒவ்வொரு முறையும் சிரித்தாள்.

சிரிக்காத ஒரே ஆள் என் அக்கா. கை கழுவுகிற இடத்தில் என்னைத் தனியாக நிறுத்தி, "தம்பி, நீ எளச்சது வேற மாதிரி இருக்குது, அவ எளச்சது வேற மாதிரி இருக்குது. அவ கழுத்தைப் பாரு" என்றார். அக்கா, நீங்களும் சாத்துக்குடிக் கட்சியா என்று கேட்டேன். அவர் கையை உதறிக்கொண்டு பந்திப் பக்கம் போய்விட்டார். நான் என் மனைவியின் கழுத்தைப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தாலும் சந்தோஷம்தான் பட்டிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் வீட்டில் அப்போது எடை குறைவது என்றால் நல்ல செய்தி. ஞாயிறுதோறும் ஊசி போட்டதும் இருவரும் எடை மெஷினில் ஏறுவோம். மாதக் காலண்டரில் அந்த ஞாயிற்றுக் கட்டத்துக்குள் என் எடையை எழுதி, அதற்குக் கீழே அவள் எடையை எழுதுவேன். அவள் ஒன்றும் குண்டாக இருந்தவள் இல்லை, பூசினாற்போல இருப்பாள். அறுபத்தைந்து கிலோவில் ஆரம்பித்தாள். அது அறுபதானபோது கை தட்டினேன். மகள் ஈரோட்டிலிருந்து வீடியோ காலில் பேசும்போது, அம்மா இப்போதுதான் அழகாக இருக்கிறாள் என்றாள். என் மனைவிக்குப் புதுப் புடவைகூட எடுத்துக் கொடுத்தோம். ரவிக்கையை இரண்டு தடவை பிடிக்க வேண்டியிருந்தது.

பத்தாம் மாதம் என் எடை தொண்ணூற்றொன்றில் நின்றது. நிற்கும் என்று டாக்டரம்மா முன்பே எழுதிக் கொடுத்ததுதான். இருந்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று மாதமாக வாரா வாரம் அதே தொண்ணூற்றொன்று. அடுத்த முறை டாக்டரிடம் காட்டிச் சண்டை போடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு தாள்களைப் புரட்டினேன். எதிரில் அவள் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றொன்று, கீழே ஐம்பத்தாறு. தொண்ணூற்றொன்று, ஐம்பத்து நாலரை. தொண்ணூற்றொன்று, ஐம்பத்து மூன்று. தொண்ணூற்றொன்று, ஐம்பத்தொன்று.

என் கண் அதுவரை மேல் வரியை மட்டுமே பார்த்திருக்கிறது. ஒரே சட்டிச் சோறு, ஏறக்குறைய ஒரே அளவு. எனக்கு நின்றுவிட்டது, ஊசியே போடாதவளுக்கு நிற்கவில்லை. இப்படி ஒரு சார்ட்டை ஒரு பண்ணைக்காரர் என்னிடம் நீட்டியிருந்தால் அந்தக் கோழியை அன்றைக்கே பிரித்து வைத்திருப்பேன். மூன்று மாதமாக என்ன பண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்று அவரைக் கேவலமாகப் பேசியிருப்பேன். காலண்டரை மூடி வைத்தேன்.

"அம்மணி, உனக்கு வவுத்துல ஏதாச்சும் பண்ணுதா?"

அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு வாய்க்கு மேல எறங்கறதில்லீங்க. உங்களுக்கும் அப்படித்தானுங்களே."

எனக்கு ஊசி, உனக்கு என்ன என்று கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்தாள். நெஞ்சு எரியும்போதும் குமட்டும்போதும் எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் ஒன்றைப் போட்டுக்கொள்வதாகவும், போட்டால் சரியாகிவிடுவதாகவும் சொன்னாள். என் மாத்திரை சீக்கிரம் தீர்ந்துபோகிறதே என்று நான் மருந்துக்கடைக்காரரைத்தான் சந்தேகப்பட்டிருந்தேன்.

மறுநாளே கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனேன். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ரிசல்ட் வந்த அன்று, எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று அங்கிருந்த பெரிய டாக்டர் அவளைக் கேட்டார்.

"ஏழெட்டு மாசம் இருக்குமுங்க. கொஞ்சமாத் தின்னு பழகி வவுறு சுருங்கிப்போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேனுங்க" என்றாள். தப்பு செய்துவிட்டவள் போல என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

இரைப்பையில் புற்று. ஈரலுக்கும் போயிருந்தது. அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போய், ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று கேட்டேன். அதை இப்போது சொல்ல முடியாதுங்க என்றார். நல்ல மனிதர். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான் எப்படி வீடு வந்து சேர்ந்திருப்பேனோ தெரியாது.

அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. மருந்து ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் அதைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும் என்றார். எடை இதற்கு மேல் இறங்கக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாவது சாப்பிட வேண்டும், கஞ்சி, முட்டை, நெய் விட்டுக் குழைத்த சோறு, எது இறங்குகிறதோ அது. ஒரு வருஷமாக எதைக் குறைப்பது என்று பேசிய வீட்டில் அன்றிலிருந்து எதை ஏற்றுவது என்ற பேச்சாயிற்று.

அவள் சாப்பிட மாட்டேன் என்று சொல்லவில்லை. நீங்க சாப்புடுங்க, நான் அப்பறம் குடிக்கிறேன் என்பாள். நோய் வந்த பிறகும் அந்த வழக்கம் விடவில்லை. கஞ்சியைக் கையில் கொடுத்தால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் சாப்பிட்டால்தான் அவள் கை வாய்க்குப் போகும். நானோ மூன்று வாயில் எழுகிறவன். நான் எழுந்ததும் அவளும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவாள். கோபத்தில் ஒருநாள் கத்திவிட்டேன். அவள் அழுதாள். கத்தி என்ன ஆகப்போகிறது, முப்பது வருஷம் அந்த வழக்கத்தை அனுபவித்தவன் நான்தானே.

டாக்டரம்மாவிடம் போய் ஊசியை நிறுத்துகிறேன் என்றேன். காரணத்தைக் கேட்டுக்கொண்டார். சர்க்கரைக்கு வேறு மாத்திரை எழுதினார். நிறுத்திய மறுநாளே பசி வந்துவிடாது, மருந்து உடம்பைவிட்டுப் போக நாலைந்து வாரமாகும், பிறகு எடை திரும்ப ஏறும், அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள் என்றார். ஏறட்டும் என்றேன்.

அந்த நாலைந்து வாரம் கொடுமை. ஒவ்வொரு வேளையும் அவள் எதிரில் உட்கார்ந்து, பிடிக்காத சோற்றைப் பிடித்த மாதிரி தின்றேன். பின்பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தேன். அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பசி வரவேண்டும் என்று நான் சாமி கும்பிட்டது வாழ்க்கையில் அப்போது மட்டும்தான். தட்டு நிறையச் சோறு இருந்தும் பசிக்கு வேண்டிக்கொண்டவன் நான்.

ஆறாவது வாரம், ஒரு மத்தியானம், வந்தது. மகள் வந்திருந்தாள், அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருந்தாள். நெய் வாசனை வந்ததும் எனக்குப் பசித்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன். தட்டை வழித்தேன். இன்னும் போடு என்றேன். என் மனைவி கட்டிலில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் அவள் முகத்தில் இல்லாத ஒன்று அன்று இருந்தது.

"இன்னைக்குத்தானுங்க தின்னாப்பல தின்னீங்க" என்றாள். பிறகு அவளாகவே மகளைக் கூப்பிட்டுக் கிண்ணத்தை வாங்கி, ஏழெட்டு ஸ்பூன் சாப்பிட்டாள். மகள் ஸ்பூனை எண்ணிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அதன்பிறகு ஒரு மாதம் நன்றாகப் போயிற்று என்றே சொல்வேன். நான் தின்பேன், அவள் பார்ப்பாள், பிறகு அவளும் கொஞ்சம் தின்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எடை அரைக் கிலோ ஏறியிருந்தது. அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் அழுதார், நானும் அழுதேன். மருந்து இரண்டு தடவை ஏற்றினார்கள். வந்து பார்த்துப்போனவர்களிடம் தன் உடம்பைப் பற்றி அவள் பேசவே மாட்டாள். இவிய இப்ப நல்லாத் திங்கறாங்க, முகம் தெளிஞ்சிருக்குது பாருங்க என்று என்னைக் காட்டுவாள். வைத்தியம் எனக்குத்தான் நடந்தது போலவும், அதில் நான் பிழைத்து எழுந்தது போலவும் பேசுவாள்.

மூன்றாவது தடவை மருந்து ஏற்ற உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஏழெட்டு ஸ்பூன் நாலாயிற்று, நாலு இரண்டாயிற்று. கடைசியில் தண்ணீரும் தங்கவில்லை. எனக்கு மட்டும் பசி வேளை தவறாமல் வந்தது. அவள் மாதத்துக்கு இரண்டு கிலோ இறங்கினாள், நான் மூன்று கிலோ ஏறினேன். அவளுக்காகத் தின்ற சோறெல்லாம் என் உடம்பில்தான் ஒட்டியது. அதைத் தடுத்து அவள் பக்கம் அனுப்ப ஒரு வழியும் இல்லை.

வீட்டிலேயே இருக்கிறேன் என்று அவள் சொன்னதால் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். ஒரு புதன்கிழமை விடிந்து வெயில் ஏறியபோது போய்விட்டாள். நான் அப்போது பக்கத்தில் இருந்தேன். நாற்பத்தொரு கிலோ இருந்திருப்பாள். தூக்கியவர்கள் கனமே இல்லை என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

மயானத்திலிருந்து வந்து குளித்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. எங்கள் அடுப்பு எரியக்கூடாது என்பதால் பக்கத்து வீட்டில் சமைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு வாயாவது சாப்பிடு தம்பி என்று கெஞ்சிக்கொண்டே அக்கா இலை போட்டார். நான் மறுப்பேன் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். எனக்குப் பசித்தது. எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை, அப்படிப் பசித்தது. சோற்றைப் போடப் போடத் தின்றேன். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று அக்கா கேட்டபோது வையுங்கள் என்றேன். கூடத்தில் பேச்சு நின்றுபோய், சனமெல்லாம் நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை.

தின்று முடித்து, எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தேன். துண்டில் கையைத் துடைத்தபடி அடுப்படிப் பக்கம் திரும்பி, "நீ உக்காரு அம்மணி" என்று சொல்லிவிட்டேன்.